கூவும் பெட்டைக்கோழியை அறுப்பதற்கு முன்

மாணவர்களே, ‘பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா?’ என்ற பழமொழியை நீங்கள் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்? வீட்டில் அக்கா ஒரு கருத்தைச் சொல்ல வாயெடுத்தால் போதும், மாமாவோ சித்தப்பாவோ இதை எடுத்து வீசிவிடுவார். என் வகுப்பில் அறிவியல் குழுவுக்கு ஒரு மாணவி தலைவரானபோதும் பின்வரிசையிலிருந்து இது வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். சொன்ன மாணவனிடம் நான் ஒன்றுதான் கேட்டேன்: “தம்பி, பெட்டைக்கோழி கூவி நீ கேட்டிருக்கிறாயா?” அவன் விழித்தான். அடுக்குமாடி வீட்டில் எட்டாவது மாடியில் வளர்கிற பிள்ளை அவன். பெட்டைக்கோழியை விடுங்கள், சேவல் கூவுவதையே அவன் கைப்பேசியில்தான் கேட்டிருப்பான்.

ஆனால் அவனுடைய பாட்டி கேட்டிருக்கக்கூடும். சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களிடம் பேச்சுக்கொடுத்துப் பாருங்கள். லயத்து வீடுகளின் பின்புறம் எல்லாருக்கும் நாலு கோழியாவது இருக்கும். காலையில் திறந்துவிட்டால் பால்மரக் காட்டோரம் மேய்ந்துவிட்டு மாலையில் தானாக வந்து அடையும். அப்படி வளர்த்தவர்களில் சிலர் சொல்வார்கள்: ஒழுங்காக முட்டை வைத்து, அடைகாத்து, குஞ்சு பொரித்த கோழி, வயதான பிறகு ஒரு நாள் கழுத்தை நீட்டிக் கூவத் தொடங்கியது என்று. “அப்புறம் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். அன்றைக்கே அறுத்துவிட்டார்கள். கூவும் பெட்டை வீட்டுக்கு ஆகாது, குடும்பத்துக்குக் கேடு என்பது நம்பிக்கை.

இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. பெட்டைக்கோழி விடியலை அறிவித்தால் அந்த வீடு அழியும் என்று சீனர்களிடம் மிகப் பழைய வழக்கு உண்டு. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆண்ட ஓர் அரசன் மனைவி பேச்சைக் கேட்டான் என்று பழிக்க அதைப் பயன்படுத்தினார்கள். ஆங்கிலத்திலும் சீட்டியடிக்கும் பெண்ணையும் கூவும் கோழியையும் ஒரே வாக்கியத்தில் வைத்துத் திட்டும் பழமொழி இருக்கிறது. ஒருவரோடு ஒருவர் கலந்து பேசிக்கொள்ளாத மூன்று இனத்தார் ஒரே மாதிரி சொல்லிவைத்திருக்கிறார்கள் என்றால் அதற்கு என்ன பொருள்? மூவரும் அந்தக் கோழியைப் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான். பழமொழிக்குள் இருக்கும் கவனிப்பு உண்மையானது. பெட்டைக்கோழி கூவும். கவனித்ததிலிருந்து அவர்கள் எடுத்த முடிவுதான் தவறு. அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருகிறேன்.

சரி, கோழிக்குள் என்ன நடக்கிறது?

மனிதப் பெண்ணுக்கு இரண்டு சூலகங்கள் உண்டு. கோழிக்கும் கருவில் இரு பக்கமும் சூலகத்துக்கான மொட்டு தோன்றுகிறது. ஆனால் இடப்பக்கத்து மொட்டு மட்டுமே வளர்ந்து முட்டை தரும் சூலகமாகிறது. வலப்பக்கத்தது வளராமல், சிறு தசைத் துணுக்குப் போல் அப்படியே தங்கிவிடுகிறது. அடுத்த முறை வீட்டில் நாட்டுக்கோழியைச் சுத்தம் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். முட்டைக் கருக்கள் திராட்சைக் கொத்துப்போல் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அம்மாவுக்கு இது தெரியும். காரணம்தான் நம் பாடநூலிலும் இல்லை, சமையலறையிலும் இல்லை.

இடப்பக்கச் சூலகம் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. கோழியைக் கோழியாக வைத்திருப்பதில் இதன் பங்கு மிகப் பெரியது. சூலகத்தில் கட்டி வந்தாலோ, தொற்றுநோயால் அது அழிந்தாலோ, முதுமையில் சுருங்கினாலோ ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடும். அப்போது சில கோழிகளில், இத்தனை காலம் சும்மா கிடந்த வலப்பக்கத் துணுக்கு வளரத் தொடங்கும். அது சூலகமாக வளர்வதில்லை. விந்தகத்தைப் போன்ற திசுவாக வளர்ந்து டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கிறது.

இதற்குப் பிறகு நடப்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். முட்டை நிற்கும். கொண்டை பெரிதாகிச் சிவக்கும். தாடி தொங்கும். நடையில் ஒரு மிடுக்கு வரும். பிறகு கூவல். முதலில் தொண்டை கட்டிய பையன் பாடுவதுபோலக் கரகரப்பாக, பாதியில் அறுந்துபோகும் கூவல். இறகு மட்டும் உடனே மாறாது. பழைய இறகு உதிர்ந்து புதியது முளைக்கும் பருவம் வரவேண்டும். அப்போதுதான் கழுத்திலும் முதுகிலும் கூர்மையான, மினுமினுக்கும் இறகுகள் முளைக்கும். வாலில் அரிவாள்போல் வளைந்த இறகு தோன்றும்.

இந்த இறகு விஷயத்தில் மாணவர்கள் பெரும்பாலும் தலைகீழாக நினைப்பார்கள். சேவலின் பகட்டான இறகை ஆண் ஹார்மோன் கொடுக்கிறது என்றுதானே தோன்றும்? அப்படியில்லை. விந்தகம் நீக்கப்பட்ட சேவலுக்குக் கொண்டை சுருங்கிப்போகிறது, கூவல் குறைகிறது, ஆனால் அந்த அழகான இறகு அப்படியே இருக்கிறது. கோழியினத்தில் எந்த ஹார்மோனும் தலையிடாவிட்டால் வருவது சேவல் இறகுதான். பெட்டையின் அடக்கமான இறகை ஈஸ்ட்ரோஜன்தான் உண்டாக்குகிறது. கால்முள்ளும் அப்படியே. ஆகவே பெட்டைக்கோழி சேவல் இறகைப் புதிதாகச் சம்பாதிக்கவில்லை. அதை மறைத்துவைத்திருந்த திரை விலகியது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். டெஸ்டோஸ்டிரோன் ஆணுக்கு, ஈஸ்ட்ரோஜன் பெண்ணுக்கு என்று தேர்வுக்காக மனனம் செய்கிறோம். உடலோ அப்படிக் கோடு கிழித்து வைத்திருக்கவில்லை. முட்டையிடும் நல்ல பெட்டையின் கொண்டை ஏன் சிவப்பாக இருக்கிறது? அதன் சூலகமும் ஓரளவு டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதால்தான். ஈஸ்ட்ரோஜனே டெஸ்டோஸ்டிரோனிலிருந்துதான் உருவாகிறது. அரோமட்டேஸ் என்ற நொதி ஒன்றை மற்றதாக மாற்றுகிறது. 1992இல் ஆய்வாளர்கள், அடைமுட்டைக்குள் இந்த நொதியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்திப் பார்த்தார்கள். மரபின்படி பெட்டையாக இருக்கவேண்டிய குஞ்சுகளில் சூலகம் இருக்கவேண்டிய இடத்தில் விந்தகம் வளர்ந்தது.

ஹார்மோன் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே, இந்த அறிவியல் கோழிக்கூண்டில்தான் தொடங்கியது. 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆர்னால்டு பெர்த்தோல்டு என்ற பேராசிரியர் இளஞ்சேவல்களின் விந்தகத்தை நீக்கினார். நீக்கியவை சாதுவாயின, கொண்டை சிறுத்தது, கூவல் இல்லை. வேறு சில சேவல்களில் நீக்கிய விந்தகத்தை வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் திரும்ப வைத்தார். நரம்புத் தொடர்பு எதுவும் இல்லாத நிலையிலும் அவை வழக்கமான சேவல்களாகவே வளர்ந்தன. கூவின, சண்டையிட்டன. அப்படியென்றால் ஏதோ ஒன்று இரத்தத்தின் வழியாகப் போகிறது என்று அவர் முடிவுகட்டினார். நான்காம் படிவத்தில் நாளமில்லாச் சுரப்பிகளைப் படிக்கும் உயிரியல் மாணவர்கள் இந்தச் சேவல்களுக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

கூவும் பெட்டையைப் பற்றி மிகவும் பேசப்பட்ட பதிவு 1923இல் வந்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஆய்வு செய்த எஃப்.ஏ.ஈ. குரூ, ஆர்பிங்டன் இனத்துப் பெட்டை ஒன்றைப் பற்றி எழுதினார். அது முட்டையிட்டிருக்கிறது, குஞ்சுகளை வளர்த்திருக்கிறது. மூன்றரை வயதளவில் முட்டையிடுவதை நிறுத்திக் கூவத் தொடங்கியது. அதோடு நிற்கவில்லை. வேறொரு பெட்டையுடன் சேர்ந்து இரண்டு குஞ்சுகளுக்குத் தந்தையும் ஆனது. தாயாக இருந்த கோழி தந்தையானது! பிறகு உடலைத் திறந்து பார்த்தபோது சூலகம் நோயால் அழிந்திருந்தது, விந்தகங்கள் வளர்ந்திருந்தன. இது மிகமிக அரிய நிகழ்வு என்பதை மறந்துவிடாதீர்கள். கூவும் பெட்டைகளில் பெரும்பாலானவை தந்தையாவதில்லை. வளரும் திசு பெரும்பாலும் அரைகுறை விந்தகமாகவே நின்றுவிடுகிறது.

சமூக ஊடகங்களில் இப்படி ஒரு காணொளி வந்தால் உடனே ‘சேவலாக மாறிய கோழி’ என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தலைப்பை நான் ஏற்கமாட்டேன். கேட்டை முன்கூட்டிச் சொல்லும் கோழி என்று அறுப்பது ஒரு அவசரம் என்றால், சேவலாக மாறிவிட்டது என்று கைதட்டுவதும் இன்னோர் அவசரம். மனிதரில் ஆணுக்கு எக்ஸ், ஒய். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். பறவைகளில் இது நேர்மாறு. சேவலுக்கு ஒரே மாதிரியான இரண்டு இசட் குரோமோசோம்கள். பெட்டைக்குத்தான் ஓர் இசட், ஒரு டபிள்யூ. கூவும் பெட்டையின் ஒரு துளி இரத்தத்தை எடுத்துச் சோதித்தால் இன்னமும் இசட், டபிள்யூ என்றே காட்டும். கொண்டை மாறியது, குரல் மாறியது, சில நேரம் உள்ளுறுப்பே மாறியது. குரோமோசோம் மாறவில்லை. ‘இது ஆணா பெண்ணா?’ என்று கேட்டால், ‘எதை வைத்துக் கேட்கிறாய்?’ என்று திருப்பிக் கேட்பதுதான் அறிவியல்.

எல்லாம் ஹார்மோன் செய்யும் வேலை என்று இதுவரை நான் சொன்னதிலும் ஒரு திருத்தம் உண்டு. அதே எடின்பரோவின் ரோஸ்லின் ஆய்வுக்கழகத்தார் 2010இல், ஒரு பக்கம் சேவலும் மறுபக்கம் பெட்டையுமாகப் பிறந்த கோழிகளை ஆராய்ந்தார்கள். நெடுக்கில் கோடு போட்டுப் பிரித்தாற்போல ஒரு பக்கம் பெரிய தாடியும் கால்முள்ளும், மறுபக்கம் பெட்டையின் உருவம். இரண்டு பக்கத்திலும் ஓடுவது ஒரே இரத்தம், ஒரே ஹார்மோன். அப்படியிருந்தும் இரு பக்கமும் வேறுவேறாக வளர்ந்திருந்தன. ஒரு பக்கத்தில் சேவலின் உயிரணுக்கள் மிகுதி, மறுபக்கத்தில் பெட்டையின் உயிரணுக்கள் மிகுதி. பறவையின் உயிரணு, ஹார்மோன் சொல்வதைக் கேட்டாலும், தனக்கென்றும் ஒரு பாலின அடையாளத்தை வைத்திருக்கிறது. அர்த்தநாரீசுவரர் சிலையைக் கோயிலில் பார்த்தவர்களுக்கு இந்தக் கோழியைக் கற்பனை செய்வது கடினமில்லை.

கூவும் பெட்டைகள் எல்லாமே நோயாளிகள் என்றும் எண்ணிவிட வேண்டாம். சேவலே இல்லாத கோழிக்கூட்டத்தில் பலசாலியான பெட்டை ஒன்று தலைமையை எடுத்துக்கொள்வதுண்டு. மற்றவற்றை விரட்டும், காவல் நிற்கும், எப்போதாவது கூவவும் செய்யும். அது முட்டையும் இட்டுக்கொண்டிருக்கும். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை இருப்பதை நார்வே நாட்டின் ஷெல்டரப் எபே 1921இல் எழுதினார். நம் பாட்டிமாருக்கு அது அதற்கு முன்பே தெரிந்திருக்கும், தீனி போடும்போது பார்த்திருப்பார்களே. ஆகவே கூவும் பெட்டையைக் கண்டால் முதல் கேள்வி: முட்டை வைக்கிறதா, நின்றுவிட்டதா? நின்றுவிட்டது, கொண்டையும் பெருக்கிறது என்றால் உள்ளே ஏதோ கோளாறு. முட்டை வைக்கிறது என்றால் அது அந்தக் கூட்டத்துக் கங்காணி.

இனி விடியலுக்கு வருவோம். பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியாது என்பது முழு உண்மை. சேவல் கூவினாலும் விடியாது என்பதும் அதே அளவு உண்மை. பூமி சுழல்வதால் விடிகிறது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் சேவல்களை எப்போதும் ஒரே மாதிரி மங்கலான வெளிச்சத்தில் அடைத்துவைத்துக் கவனித்தார்கள். விடியலே தெரியாத அந்த அறையிலும் அவை நாளுக்கொரு முறை, 24 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில், தம் கூவல் நேரத்தைக் கடைப்பிடித்தன. சேவலின் உடலுக்குள் கடிகாரம் இருக்கிறது. வெளிச்சம் வந்ததால் கூவவில்லை, வரப்போகிற நேரத்தைக் கணக்கிட்டுக் கூவுகிறது. இரண்டு ஆண்டுக்குப் பிறகு அதே குழு இன்னொன்றையும் கண்டது: கூட்டத்தில் முதல்நிலைச் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை தத்தம் நிலைக்கேற்ற வரிசையில் தொடரும். முதல்வனை எடுத்துவிட்டால் இரண்டாமவன் தொடங்குகிறான்.

தோட்டத்தில் விடியலை அறிவித்தது சேவல் மட்டுமா என்ன? இருட்டோடு பெரட்டுக்கு நிற்கவேண்டும், குளிர் நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் வெயில் ஏறுமுன் மரம் சீவியாகவேண்டும். அதற்கும் முன்பே எழுந்து அடுப்பு மூட்டி, சோறு வடித்து, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுக் காண்டா வாளி தூக்கியவர்கள் பெண்கள். அவர்கள் பேத்திகளைப் பார்த்து இந்தப் பழமொழியைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அறிவியல் ஆசிரியராக மட்டும் வரும் கோபமல்ல அது.

கூவிய கோழியைக் கொல்வதைவிட விபரீதமாக, சேவலையே கொன்ற ஊரும் உண்டு. 1474இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஒரு சேவல் முட்டையிட்டதாகக் குற்றம்சாட்டி, வழக்கு நடத்தி, தீர்ப்புச் சொல்லி, அதை முட்டையோடு எரித்தார்கள். சேவல் முட்டையிலிருந்து கொடிய நாகம் பிறக்கும் என்று அக்காலத்தில் அஞ்சினார்கள். அது பெரும்பாலும் சேவல் தோற்றம் கொண்ட பெட்டையாகத்தான் இருந்திருக்கும் என்பது இன்றைய ஊகம். நீதிபதிகள் இருந்தார்கள், வழக்கறிஞர்கள் இருந்தார்கள். கோழியைத் திறந்து பார்த்துக் கற்றுக்கொள்ளத்தான் யாரும் இல்லை. முந்நூறு ஆண்டுக்குப் பிறகு, 1780இல், ஜான் ஹண்டர் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர், ஆண் இறகு முளைத்த பெண் பறவைகளை வரிசையாக ஆராய்ந்து எழுதினார். அவற்றில் ஒன்று மயில். பலமுறை குஞ்சு பொரித்த பெண் மயில், சுமார் பதினொரு வயதில் இறகு உதிர்த்து முளைத்தபோது தோகை வளர்த்துக்கொண்டது. ஒரே மாதிரி பறவை, ஒரு ஊரில் சாம்பலானது, இன்னோர் ஊரில் ஆய்வுக் கட்டுரையானது.

நம் ஊரில் எது நடக்கவேண்டும்? இங்கேதான் எனக்குக் கவலை. முட்டைப் பண்ணைகளில் இந்தக் கோழியைப் பார்ப்பது கடினம், ஏனென்றால் அங்கே முட்டை குறைந்ததும், பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டி, கோழியைக் கழித்துவிடுவார்கள். மூன்று, நான்கு வயதுவரை பெட்டைக்கோழி வாழ்வது வீட்டுப் பின்புறத்தில்தான். வயதான கோழிகளுக்கு, மனிதப் பெண்களைப் போலவே, சூலகப் புற்றுநோய் தானாக வருகிறது. அதனால்தான் உலகின் பல ஆய்வுக்கூடங்கள் அந்த நோயைப் புரிந்துகொள்ளக் கோழியை வளர்க்கின்றன. தோட்டத்து லயங்களில் நடந்ததையெல்லாம் குறித்துவைத்திருந்தால் எவ்வளவு தெரிந்திருக்கும்! தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய்விட்டன, சனங்கள் புந்தோங்குக்கும் வேறு தாமான்களுக்கும் வந்துவிட்டார்கள், கோழி வளர்த்த கைகளுக்கு வயதாகிவிட்டது. பாட்டியிடம் இந்த விடுமுறையிலேயே கேளுங்கள்: கூவிய கோழிக்கு வயது என்ன, முட்டை எப்போது நின்றது, இறகு மாறியதா, அறுத்தபோது உள்ளே கட்டி இருந்ததா? கடைசிக் கேள்விக்கு அறுத்தவர்கள்தான் பதில் சொல்ல முடியும். அவர்கள் பார்த்திருப்பார்கள். இதுவரை யாரும் கேட்கவில்லை.

உறவினர் வீட்டில் இப்போதே ஒரு கோழி கூவினால், கத்தியைத் தள்ளிவையுங்கள். வாரம் ஒருமுறை கொண்டையைப் படம் எடுங்கள், தேதி எழுதுங்கள். கோழி சோர்ந்து, தீனி எடுக்காமல் கிடந்தால் அது வேறு நோயாகவும் இருக்கலாம். அப்போது கையுறையோடு தூக்கி, கால்நடை மருத்துவச் சேவைத் துறையைக் கேளுங்கள். நாட்டின் கால்நடை ஆராய்ச்சிக் கழகமே நம் ஈப்போவில்தான் இருக்கிறது. ஈப்போ என்றால் தவ்கே கோழி மட்டும் நினைவுக்கு வருவது நமக்கு அழகில்லை.

ஒரு கணக்கோடு விடைபெறுகிறேன். மரபியல் பாடத்தில் நாம் வரையும் பன்னெட் கட்டத்தை உருவாக்கிய ரெஜினால்டு பன்னெட், கோழிக் கொண்டைகளின் மரபை ஆராய்ந்தவர். அவருடைய கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குரூவின் கோழி தந்தையானபோதும் அதன் குரோமோசோம் இசட், டபிள்யூதான். தாய்க்கோழியுடையதும் இசட், டபிள்யூ. இரண்டையும் சேர்த்துக் கட்டத்தை நிரப்புங்கள். இரண்டு டபிள்யூ மட்டும் உள்ள கரு பிழைக்காது என்பதை மறக்காமல் அடித்துவிடுங்கள். மிஞ்சுகிற குஞ்சுகளில் சேவலுக்கு எத்தனை பெட்டை என்று எண்ணிப் பாருங்கள். அப்படியே, இந்தப் பெட்டைகளில் ஒன்று பின்னாளில் கூவினால் அதன் குஞ்சுகளுக்கு விகிதம் என்னவாகும் என்றும் போட்டுப் பாருங்கள்.